இரண்டிலும் சிவப்பு

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி போடட்டுமா? சரி, தண்ணியாவது குடிங்க. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க.

நீங்க சொன்னது புரிஞ்சுது டீச்சர். சனிக்கிழமை ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளோட அப்பா அம்மா எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கீங்க. பிள்ளைக மேற்படிப்புக்கு இப்பவே எப்படித் திட்டம் போடணும், பத்தாவது முடிச்சதும் எந்த குரூப் எடுக்கணும்னு பேசப் போறீங்க. அதுல நான் பத்து நிமிஷம் பேசணும். எட்டாவது படிச்ச அம்மா எப்படி மகளை பேங்க் ஆபீசர் ஆக்கினாள்னு சொல்லணும்.

நான் வர மாட்டேன் டீச்சர். கோவிச்சுக்காதீங்க. மைக்கைப் பார்த்தா பயம்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன், போன வாரம் கேட்டிருந்தீங்கன்னா. இப்ப அப்படிச் சொல்ல வாய் வரலை. நான் பேசினா அது பொய்யாப் போகும். அதுதான் விஷயம்.

கொஞ்சம் பொறுமையா இருந்தா சொல்றேன். நீங்க சேலத்துப் பக்கம்னு சொன்னாங்க. எங்க முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? போங்க. சின்னக் கோயில்தான். நல்ல அம்மன். அவளைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குறை பூரா என்கிட்ட.

என் மக சொர்ணம் ஒன்பதாவது படிக்கையில பள்ளிக்கூடத்துல மைக்ராஸ்கோப் வெச்சு வெங்காயத்தோலைக் காட்டியிருக்காங்க. அன்னைக்குச் சாயங்காலம் அடுப்படிக்கு வந்தாள். நான் நறுக்க வெச்சிருந்த வெங்காயத்தை எடுத்தாள். உள்ள கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு தோல் இருக்கும் பாருங்க, அதை நகத்தால உரிச்சு எடுத்து ஜன்னல் கண்ணாடியில ஒட்டினாள். "எம்மா, இதுக்குள்ள செங்கல் அடுக்கின மாதிரி அறை அறையா இருக்கும்மா. ஒவ்வொரு அறைக்குள்ளயும் ஒரு பொட்டு இருக்கும்மா. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது"ன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏட்டி, சாம்பாருக்கு வெங்காயம் பத்தாது, அங்கிட்டு வை"ன்னேன். ஒரு வாரம் ஜன்னல் பூரா வெங்காயத்தோல். வீடே நாறிப் போச்சு. இவங்க அப்பா எலுமிச்சை மண்டியில எடை போடுறவங்க. அவங்க வந்து மோந்து பார்த்துட்டு, "நான் மண்டியிலயே படுத்துக்கிடுதேன்"னு சிரிப்பாங்க.

பத்தாவதுல நானூத்தி எழுபத்தி ஒண்ணு வாங்கினாள். பள்ளிக்கூடத்துல ரெண்டாவது. அப்ப அறிவியல் எடுத்தவங்க கிரேஸ் டீச்சர். அவங்க இதே மாதிரி வெயில்ல வீட்டுக்கு வந்தாங்க. "அம்மா, இவளை முதல் குரூப்ல போடுங்க. உயிரியல் இவளுக்காகவே இருக்கிற பாடம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பத்தியே படிக்கிற பட்டப்படிப்பு இருக்கு. இப்பவே அந்த வழியில விட்டாத்தான் உண்டு. பாதை மாறிப்போச்சுன்னா அப்புறம் திரும்பி வர முடியாது"ன்னாங்க. அப்ப நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல முதல் குரூப் கிடையாது. வணிகவியல் படிக்கிற மூணாவது குரூப்தான் இருந்தது. முதல் குரூப்புன்னா பஸ் ஏறி சங்கரன்கோவில் போகணும். காலையில ஆறே முக்காலுக்கு ஒரு பஸ். சாயங்காலம் வந்து சேர ஏழாகும்.

இவங்க அப்பா ஒரே வார்த்தை, "அவ இஷ்டம்"னுட்டாங்க. என்னாலதான் முடியலை.

பஸ்ஸுக்குப் பயந்தேன். இதைத்தான் எனக்கு நானே இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டேன். அதுவும் நிசம்தான், அந்த வருஷம் மேலத்தெருவுல ஒரு பிள்ளை மினிபஸ் டிரைவரோட போயிட்டாள். ஆனா இன்னொண்ணும் இருக்கு டீச்சர். அன்னைக்குப் பேச்சுக்கு நடுவுல சொர்ணம் கிரேஸ் டீச்சர்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ ஒரு வார்த்தை சொன்னாள். அவங்க சிரிச்சாங்க. இவளும் சிரிச்சாள். ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துட்டு மறுபடியும் சிரிச்சாங்க. என்னைப் பத்தி ஒண்ணும் இல்லை, எனக்குத் தெரியும். அவ என்னைக் கேலி பண்ற பிள்ளை இல்லை. ஆனா நான் காப்பி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். என் வயித்துல பிறந்த பிள்ளை, நான் வர முடியாத ஒரு இடத்துக்குள்ள நுழைஞ்சு கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. பஸ்ஸெல்லாம் அதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

பிள்ளை முகத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்ல முடியுமா? முடியலை. அதனால, "நம்ம அம்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்ட்டி"ன்னேன்.

அவ உடனே சரின்னுட்டாள். "கேளும்மா. அவ முதல் குரூப்புதான் சொல்லுவா, பாரேன்!" அப்படி ஒரு நம்பிக்கை.

பூக் கட்டிப் போடுறது உங்க பக்கமும் உண்டா டீச்சர்? ரெண்டு இலை எடுத்து, ஒண்ணுல வெள்ளைப் பூ, ஒண்ணுல சிவப்புப் பூ வெச்சுப் பொட்டலமா மடிச்சு நூல் சுத்தி அம்மன் காலடியில போடணும். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒண்ணு வந்து ஏதாவது ஒண்ணை எடுக்கும். பிரிச்சுப் பார்த்து என்ன பூவோ அதுதான் அவ வாக்கு. கல்யாணம், வீடு வாங்குறது, ஆபரேஷன் எல்லாத்துக்கும் இங்க போடுவோம். வெள்ளை வந்தா முதல் குரூப், சிவப்பு வந்தா மூணாவது குரூப்னு பேசிக்கிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலையில குளிச்சிட்டுக் கொல்லையில உக்காந்து கட்டினேன். பூவரச இலை ரெண்டு. நந்தியாவட்டை ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு. முதல்ல செவ்வரளியை வெச்சுக் கட்டினேன். அடுத்த இலையை எடுத்து நந்தியாவட்டையைக் கையில எடுத்தேன். உள்ள சொர்ணம் பாட்டு முனகிக்கிட்டே பழைய காலண்டர் தாளைக் கிழிச்சு நோட்டுக்கு அட்டை போட்டுக்கிட்டிருந்தாள். இன்னும் பள்ளிக்கூடமே சேரலை, அதுக்குள்ள அட்டை! என் கை அதுபாட்டுக்குப் போய்ச் செடியில இருந்து இன்னொரு செவ்வரளியைப் பறிச்சது. அதை வெச்சுக் கட்டினேன். வெள்ளைப் பூவை என்ன செய்யுறதுன்னு தெரியலை. கோயிலுக்குப் போறோமேன்னு என் தலையிலேயே செருகிக்கிட்டேன்.

இரண்டிலும் சிவப்பு டீச்சர். அம்மன் எதைச் சொல்லியிருந்தாலும் அது மூணாவது குரூப்தான்.

பூசாரி பேத்தி வந்து ஒண்ணை எடுத்துக் குடுத்தாள். சொர்ணம்தான் பிரிச்சாள். பார்த்தாள். அப்புறம், "சரிம்மா. அவ சொன்னாச் சரிதான்"ன்னு பூவைக் கண்ணுல ஒத்திக்கிட்டாள். அழலை. அழுதிருந்தா நான் அங்கயே உடைஞ்சிருப்பேன். மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிச்சுப் பார்த்துருவாங்களோன்னு நானே முந்திக்கிட்டு எடுத்தேன். வழக்கப்படி அதை அரச மரத்தடியில போடணும். போட்டேன். போட்ட மாத்திரத்துல பூசாரி வீட்டு ஆடு வந்து இலையோட பூவோட நூலோட தின்னுட்டுது. எனக்கு அந்த ஆட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்தது. பாருங்க, எப்படிப்பட்டவள் நான்.

அதுக்கப்புறம் ஜன்னல்ல ஒண்ணும் ஒட்டலை அவ. வீடு சுத்தமாத்தான் இருந்தது.

நல்லாப் படிச்சாள். குறை சொல்ல முடியாது. உங்க பள்ளிக்கூடத்துப் போர்டுல பேர் இருக்குல்ல, கணக்குப்பதிவியல்ல மாவட்டத்துலயே ரெண்டாவது. அப்புறம் பி.காம்., பேங்க் பரீட்சை, இப்ப கோயம்புத்தூர்ல ஆபீசர். நல்ல மாப்பிள்ளை, சொந்த வீடு. ஊரே சொல்லுச்சு, "ஆவுடையம்மா, அம்மன் வாக்கு பலிச்சுது பார்த்தியா"ன்னு. நானும் ஆமா ஆமான்னேன்.

அவளுக்குச் சின்னவன் கந்தவேலு. அவன் பத்தாவதுல முன்னூத்தி பன்னிரண்டு. கூட்டாளிக எல்லாம் சேர்றானுவன்னு முதல் குரூப் கேட்டான். சங்கரன்கோவிலுக்கு அதே பஸ்ஸுலதான் போய் வந்தான். டியூஷனும் வெச்சோம். அவனுக்கு எதுக்குப் பூ? ஆம்பளைப் பிள்ளை, ஆசைப்பட்டான், போட்டோம். வேதியியல்ல ரெண்டு தடவை விழுந்து எந்திரிச்சான். அப்புறம் டிப்ளமோ முடிச்சு இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில இருக்கான். அவனும் நல்லாத்தான் இருக்கான்.

எனக்கு மட்டும்தான் டீச்சர் நெஞ்சுல முள்ளு. அம்மனை ஏமாத்திட்டேனே! பதினாலு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம ஒரு பொழுதுதான் சாப்பிடுறேன். மாவிளக்கு எடுத்தேன், அங்கப்பிரதட்சணம் பண்ணினேன். ஒரு வருஷம் தீச்சட்டி கூட எடுத்தேன். எதுக்குன்னு வீட்டுல கேட்டாங்க, பிள்ளைக நல்லா இருக்கத்தான்னேன். அவ சந்நிதியில நின்னு "தெரிஞ்சே பண்ணிட்டேன் தாயே, மன்னிச்சுக்கோ"ன்னு ஒவ்வொரு வாரமும் கேப்பேன். அவ மூஞ்சியைப் பார்க்கவே கூசும். கண்ணை மூடிக்கிட்டுத்தான் கும்பிடுவேன். எல்லாரும் நான் உருகி உருகிக் கும்பிடுறேன்னு நெனச்சாங்க.

இதுல பெரிய கூத்து என்னன்னா, எனக்குக் கைராசின்னு பேராகிப் போச்சு. பத்தாவது ரிசல்ட் வந்தாப் போதும், பிள்ளைகளைப் பெத்தவளுவ இலையும் பூவுமா வந்துருவாங்க. "மைனி, உங்க கையால கட்டிக் குடுங்க. சொர்ணத்துக்கு அமைஞ்ச மாதிரி அமையட்டும்." எப்படி மாட்டேன்னு சொல்றது? ஏன்னு கேட்டா என்ன சொல்றது? இதுவரைக்கும் பதினோரு பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கட்டிக் குடுத்திருக்கேன். சத்தியமா டீச்சர், எல்லாத்துலயும் ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு, ஒழுங்காத்தான் கட்டினேன். அப்படியும் ஒன்பது பேருக்குச் சிவப்புதான் வந்தது. அம்மனுக்குப் பொம்பளைப் பிள்ளைக பக்கத்துலயே இருக்கிறதுதான் பிடிச்சிருக்கு போலன்னு நெனச்சேன். அப்ப நான் பண்ணினதும் அவளுக்குச் சம்மதம்தானோன்னு மனசுக்குள்ள ஒரு சின்ன ஆறுதல் கூட.

ரெண்டு வருஷமா நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே முதல் குரூப் வந்திருச்சு. பஸ் ஏற வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அப்பவும் பூப் போடுறதை விடலை. நீங்களே பார்த்திருப்பீங்களே, நல்ல மார்க் எடுத்த பிள்ளை திடீர்னு வந்து "எங்க வீட்டுல பூப் போட்டுட்டாங்க டீச்சர்"னு நிக்கும்.

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு செண்பகம் வந்தாள். அவ மகள் கயலு நானூத்தி எண்பது மார்க். வர்ற திங்கக்கிழமைக்குள்ள எந்த குரூப்னு எழுதிக் குடுக்கணுமாம். இலை, பூ, நூல் எல்லாம் கொண்டு வந்திருந்தாள். நான் பாயில உக்காந்து இலையைத் துடைச்சேன். செண்பகம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு என் காதுகிட்டக் குனிஞ்சாள்.

"மைனி, ரெண்டுலயும் செவப்பே வெச்சிருங்க."

எனக்குக் கையில இருந்த இலை கீழே விழுந்துட்டுது. "என்னட்டி சொல்லுத?"ன்னேன்.

"எதுக்கு மைனி இப்படி முழிக்கீங்க? அவ முதல் குரூப்னு ஒத்தக்கால்ல நிக்கா. அப்புறம் டாக்டருக்குப் படிக்கணும்பா, சென்னைக்குப் போகணும்பா. நான் வேண்டாம்னு சொன்னா மூணு நாளு சோறு திங்க மாட்டா. அம்மன் சொன்னாக் கேட்டுக்குவா."

"அம்மனை ஏமாத்தலாமாட்டி?"

"அம்மனும் பொம்பளைதானே மைனி, அவளுக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்?" சிரிக்கிறாள். "நீங்க ஒருத்திதான் வெள்ளந்தியா ஒண்ணு வெள்ளை ஒண்ணு செவப்புன்னு கட்டிக் குடுக்கீங்க. மத்தவளுவ உங்ககிட்ட வாங்கிட்டுப் போயி, கோயில் வாசல் திரும்புறதுக்குள்ள பிரிச்சு மாத்திக் கட்டிருதாளுவ. எனக்கு அவ்வளவு நேரமில்லை, அதான் நேரா உங்ககிட்டயே சொல்லுதேன்."

ஒன்பது பேருக்குச் சிவப்பு எப்படி வந்ததுன்னு அப்பத்தான் டீச்சர் எனக்குத் தெரிஞ்சுது. அம்மன் வாயைத் திறக்கவே இல்லை. நாங்கதான் மாத்தி மாத்திப் பேசியிருக்கோம்.

நான் அந்தப் பூவையெல்லாம் அள்ளி அவ மடியிலயே போட்டேன். "கட்ட மாட்டேன்"ன்னேன். "ஏன்?"ன்னாள். "நான் அப்படித்தான் கட்டினேன் செண்பகம். சொர்ணத்துக்கு நான் ரெண்டுலயும் சிவப்புதான் வெச்சேன்"ன்னேன். பதினாலு வருஷத்துல முதல் தடவையா அது என் வாயில இருந்து வெளிய வந்துச்சு. அவ கொஞ்சம் கூட அதிரலை. "பின்ன என்ன மைனி? ஆபீசராத்தான ஆயிருக்கா. நல்லதுதான செஞ்சீங்க"ன்னாள். அதைக் கேட்டதுதான் எனக்குத் தாங்கலை. அவ வாயால கேக்கும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமா இருக்குன்னு தெரிஞ்சுது. அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாள். அந்த வீட்டுக்கு நீங்க ஒரு எட்டுப் போங்க டீச்சர். கயலு நல்ல பிள்ளை.

செண்பகம் போனதும் சொர்ணத்துக்குப் போன் போட்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம். "என்னம்மா, இந்நேரத்துல? அப்பா நல்லா இருக்காங்களா?"ன்னாள். எல்லாத்தையும் சொன்னேன். நந்தியாவட்டையைத் தலையில வெச்சது வரைக்கும் சொன்னேன். ஆடு தின்னதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுறது மட்டும் கேக்குது.

"அப்ப அவ சொல்லலையாம்மா?"

"இல்லட்டி."

"நான் அவளைத்தாம்மா திட்டினேன். ப்ளஸ் ஒன்னுல ஆரம்பிச்சேன். பஸ் ஸ்டாண்டுல வெள்ளைக் கோட்டோட காலேஜ் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளைத்தான் திட்டுவேன். உன்னை நம்பி வந்தேனே, கண்ணில்லையா உனக்குன்னு கேப்பேன். உன்னை ஒருநாள் கூடத் திட்டினதில்லைம்மா. எனக்காக அவகிட்டப் போய்க் கேட்டவள்னு நெனச்சேன்."

அவளுக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னு தெரியாம, "பதினாலு வருஷமா அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன்ட்டி. வெள்ளிக்கிழமை தவறினதே இல்லை. என்னை மன்னிப்பாளாட்டி அம்மன்?"ன்னு அழுதேன்.

"அதை அவகிட்டத்தான் கேக்கணும்மா"ன்னாள். கோவமாச் சொல்லலை. சும்மா, பேங்க்ல வர்றவங்களுக்குப் பதில் சொல்ற மாதிரிச் சொன்னாள். அப்புறம், "தம்பிக்கு ஏம்மா பூப் போடலை?"ன்னு கேட்டாள்.

டீச்சர், எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒண்ணு தோணினதே இல்லை. நெசமாச் சொல்றேன். ரெண்டு பிள்ளை, ஒரே வீடு, ஒரே பஸ். ஒருத்திக்கு அம்மன்கிட்டக் கேக்கணும்னு தோணுச்சு, ஒருத்தனுக்குத் தோணலை. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, "கவுண்டர்ல ஆள் நிக்காங்க, வைக்கேன்"னு வெச்சிட்டாள். இன்னைக்கு ஆறு நாள் ஆச்சு. போன் வரலை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் பேசுற பிள்ளை.

இப்பச் சொல்லுங்க, நான் சனிக்கிழமை வந்து என்னத்தைப் பேச? பிள்ளைகளுக்கு முன்கூட்டியே திட்டம் போடுங்கன்னா சொல்ல? நான் போட்டேனே, பூவரச இலையில!

உங்களை உக்கார வெச்சு இவ்வளவு நேரம் புலம்பினது வேற ஒண்ணுக்காக. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். வர்ற ஐப்பசிக்கு அவளுக்கு முப்பது முடியுது. முப்பது வயசுல மறுபடியும் ப்ளஸ் ஒன் சேர்த்துக்கிடுவாங்களா டீச்சர்? முதல் குரூப்ல? சிரிக்காதீங்க. நம்ம பள்ளிக்கூடத்துல முடியாதுன்னா, வீட்டுல இருந்தே எழுதுற மாதிரி ஏதாவது இருக்குமா? அவளுக்கு மூளைக்குக் குறைச்சலே இல்லை. தபால்ல படிக்க முடியும்னா நானே போய் விண்ணப்பம் வாங்கிட்டு வந்துருவேன். என்னென்ன சர்டிபிகேட் வேணும், எங்க போகணும், எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. தமிழ்ல பெரிய எழுத்தா எழுதுங்க, நான் வாசிச்சிருவேன். மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கிடுதேன். அங்க வந்து சமையலைப் பார்த்துக்கிடவும் நான் தயார், அவ படிக்கட்டும். எல்லாத்தையும் யோசிச்சு வெச்சிட்டேன், ஆறு நாளா இதே யோசனைதான்.

என்ன டீச்சர்?

அவளுக்கு இப்பவும் அதைப் படிக்க ஆசை இருக்கான்னு அவகிட்டக் கேட்டேனான்னா?

இல்லை டீச்சர். கேக்கலை.

இருங்க. போன் உள்ள சார்ஜ்ல கிடக்கு, எடுத்துட்டு வாரேன். நீங்க எந்திரிச்சுப் போயிராதீங்க. தனியாக் கேக்க எனக்குப் பயமா இருக்கு.